ஆட்டுக்கால் சூப்பும் அவர் கட்டைவிரலும்

நகரியில் தறி ஓட்டும் என் கணவருக்குத் திடீரென்று கால் கட்டைவிரல் சிவந்து வீங்கியது. போர்வை பட்டாலே துடித்தார். கால் வலிக்கு ஆட்டுக்கால்தான் மருந்து என்று தினமும் சூப் வைத்துக் கொடுத்தேன். வீக்கம் கூடி, நிற்கவே முடியாமல் போனதும் பயந்து திருப்பதிக்கு அழைத்துப் போனேன்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், யூரிக் அமிலம் கூடி, மூட்டில் படிந்து வந்த அழற்சி என்றார். ஆட்டுக்கால் சூப் அதை இன்னும் கூட்டுமாம்.

திரும்பும்போது பஸ்ஸில், “குடிக்கக் குடிக்க வலி ஏறிக்கினேதான் இருந்துச்சி” என்றார்.

“அப்புறம் ஏன்யா குடிச்சே?”

“நீ ஆசையா வெச்சிக் குடுத்தே. எப்படி வேணான்னு சொல்றது?”

இப்போது எந்த வலிக்கும் முதலில் டாக்டர்தான். சூப்புக்குப் பதில் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுக்கிறேன். அதையும் ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்பு சரியா கீது” என்கிறார்.