ஆயுதமின்றி

இடுப்பில் செருகிய வாக்கத்தி இல்லாமல் ஏலக்காட்டு ஆட்களை நான் பார்த்ததே இல்லை. புதர் வெட்டவும் அதுதான், போடிமெட்டுப் பாதையில் கரடியோ காட்டுமாடோ எதிரே வந்தால் துணைக்கும் அதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அந்தக் கத்தியால் என் வீட்டுக்காரர் சிறைக்குப் போய்விடுவாரோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றில் பிள்ளை வேறு.

ஒழுகாத குடியிருப்பு கேட்டு ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்கள் போடியில் கூட்டம் போட ஏற்பாடு. சங்கச் செயலாளர் என் வீட்டுக்காரர்தான். புது அரசியல் சட்டம் கூட்டம் கூடும் உரிமையைத் தந்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். வக்கீலான என் அண்ணன்தான் சட்டத்தில் அந்த உரிமைக்குப் பக்கத்திலேயே இருந்த வார்த்தையைக் காட்டினார்.

"ஆயுதமின்றின்னு போட்டிருக்கு மாப்ளே. கத்தியோட எறங்குனா உள்ள தள்ளிருவாங்க."

"அது சோலி பாக்குற சாமான் மச்சான். ஆயுதம் எப்படி ஆகும்?"

"ஆயுத பூசைக்கு அதுக்குத்தான பொட்டு வைக்கிறீங்க?"

"நீங்க பேனாவுக்கும்தான் வைக்கிறீங்க. அப்ப கூட்டத்துக்குப் பேனா கொண்டாரக் கூடாதா?"

அண்ணன் சிரித்துவிட்டார். இந்தப் பேச்சு போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் செல்லுமா என்பதுதான் என் கவலை.

கூட்டத்தன்று நானும் போயிருந்தேன். எதற்கு வம்பு என்று என் வீட்டுக்காரர், கத்திகளையெல்லாம் மைதானத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வரச் சொன்னார். அங்கேதான் வினை. வரிசையாகக் கிடந்த கத்திகளை வெறுமனே விட மனம் வராமல், ஒரு பெண் மடியிலிருந்த குங்குமத்தை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துவிட்டாள். அதையே இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார்.

"ஆயுதம்னு நீங்களே பூசை போட்டுட்டீங்களேய்யா!"

என் உயிர் என்னிடம் இல்லை. இவரோ இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"ஆயுதந்தான் அய்யா, ஒத்துக்கிறேன். அது அங்க கெடக்கு. நாங்க இங்க வெறுங்கையோட நிக்கிறோம். சட்டம் கேட்டது அதான?"

கூட்டம் நடந்தது, யாரையும் பிடிக்கவில்லை. ஆனால் முடிந்து வெளியே வந்தபோது மரத்தடி காலியாக இருந்தது. கத்திகளை ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பொழுது சாயும் நேரம். அத்தனை பேரும் வெறுங்கையோடு மலையேறினார்கள். எங்கள் வீடு போடியிலேயே இருந்தாலும், கூட்டி வந்தவன் நான்தானே என்று அவரும் முன்னால் நடந்தார். மறுநாள் அவர் முழுசாக வீட்டுக்குள் நுழையும்வரை நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

சட்டம் படிக்கும் பேரன் போன வாரம் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப தாத்தா கேஸே இல்லாம ஜெயிச்சுட்டாரு" என்று கைதட்டினான்.

"ஜெயிச்சாருதான்டா. அன்னிக்குக் காட்டுல கரடி வந்திருந்தா, அதுக்கு யாரு சட்டத்த வாசிச்சுக் காட்டியிருப்பா?" என்றேன்.