பந்தி முடியாமல் அவர் உட்காரமாட்டார்

முதல் அறிகுறி எங்கள் கிணற்று மோட்டார் அறையில் தெரிந்தது. எழுமலைக்கு அருகே எங்கள் தோட்டத்தில், ஒரு காலையில் என் கணவர் சுவிட்சுப் பலகையின் முன்னால் நெடுநேரம் நின்றிருந்தார். கரண்ட் இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கு. இத என்ன செய்யணும்னுதான் தெரியல."

அவர் முகத்தில் அச்சம் இல்லை. பிறர் வீட்டுக்குள் தவறி நுழைந்துவிட்டவரின் கூச்சமே இருந்தது.

மதுரையில் நரம்பியல் மருத்துவர் அதற்கு டிமென்ஷியா (நினைவும் பகுத்தறியும் திறனும் சிறிது சிறிதாகத் தேயும் நோய்) என்று பெயர் சொன்னார். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தச் சொல்லைக் கண்டதில்லை. "குணமாக்க மருந்து இல்லம்மா. மூளைக்கு ஏதாவது வேலை குடுத்துக்கிட்டே இருங்க," என்றார்.

சிகிச்சைக்காக மதுரையை ஒட்டிய ஆனையூரில் வீடு பிடித்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு அவர் ரயில் பாதைவரை போய்விட்ட பிறகு, நகருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்தேன். காலையில் பஸ் ஏறிப் போய் மாலையில் திரும்புவேன்.

மூளைக்கு வேலை என்பதை அங்கே பட அட்டைகளாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். வார்டன் அம்மா நல்லவர். ஒவ்வோர் அட்டையாகக் காட்டி, "இது என்னன்னு சொல்லுங்கய்யா," என்பார்.

"மாடு. பல்லப் பாத்தா வயசும் சொல்லிருவேன். படத்துல வாய மூடிக்கிட்டுல்ல நிக்குது," என்றார் இவர். மறுநாள் அதே அட்டையைக் காட்டியபோது, "நான் என்ன பால்வாடிப் புள்ளையா?" என்று எழுந்து போய்விட்டார்.

பிறகு சாப்பிட மறுக்கத் தொடங்கினார். நீண்ட கூடத்தில் வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். தட்டு வந்ததும் இவர் எழுந்து மற்றவர்களுக்குப் பின்னால் நடப்பார். பணியாளர்கள் அழைத்துவந்து தோளை அழுத்தி உட்காரவைத்தால் வாயை இறுக மூடிக்கொள்வார். சட்டை தொளதொளத்தது. இப்படியே போனால் மூக்குவழிக் குழாய் (கரைத்த உணவை வயிற்றுக்குச் செலுத்தும் மெல்லிய குழாய்) வைக்க வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். அதைப் பிடுங்காமலிருக்கக் கைகளைக் கட்டிலில் கட்டுவார்களாம். அந்தக் கைகளைக் கட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு மதியம், அவரைத் திருப்பி அழைப்பதற்குப் பதிலாகப் பின்தொடர்ந்தேன். முன்பு லாரி ஓட்டிய மாயாண்டி அண்ணனின் தட்டருகே அவர் குனிந்தார்.

"என்ன மாப்ள, வெறுஞ்சோத்தப் பெசையுற? கொழம்பு பத்தலையா?"

"கேக்குறதுக்கு நீங்களாச்சும் இருக்கீகளே மாமா. இங்க ஒருக்க ஊத்துனா ஊத்துனதுதான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் விருந்து வைக்கும் வீட்டார் முதல் பந்தியில் உட்காரமாட்டார்கள். வரிசைதோறும் நடந்து, யாருக்கு எது வேண்டுமென்று விசாரித்து, கடைசி விருந்தாளி கை கழுவிய பிறகே சாப்பிடுவார்கள். உறவில் எந்த வீட்டு விசேஷமானாலும் பந்தி விசாரிப்பு இவருடையதுதான். அந்தக் கூடம் இவருக்குக் கல்யாண வீடாகத் தெரிந்திருக்கிறது. விருந்து வைப்பவரை நாங்கள் முதல் பந்தியில் பிடித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தோம்.

மருத்துவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "அப்ப விசாரிக்கட்டும், விடுங்க."

சுடும் குழம்பைக் கொடுக்க வார்டன் அம்மா தயங்கினார். மோர் வாளியைக் கொடுத்தோம். முதல் கரண்டியே மாயாண்டி அண்ணனின் வேட்டியில் விழுந்தது.

"மாமா, தட்டு இந்தப் பக்கம் இருக்கு."

கூடம் சிரித்தது. எப்போதும் பேசாத ஒருவர், தமக்கு உப்பு வேண்டுமென்று கேட்டார். எல்லோரும் எழுந்த பிறகு என் கணவர் தாமாகவே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். குழாய்ப் பேச்சு அதோடு நின்றது.

பட அட்டைகள் மெல்ல அலமாரிக்குப் போயின. தங்கள் வீட்டுப் பெரியவர் முன்பு என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று வார்டன் அம்மா ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்கத் தொடங்கினார். மாயாண்டி அண்ணன், வாசலுக்கு வரும் வண்டிகளைக் கையசைத்துப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார். ஓட்டிவந்தவர்களில் சிலர் கேட்கவும் செய்தார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் எதை மறந்தார் என்று சோதிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, அவர் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். நோய் நிற்கவில்லை, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அவருடைய நினைவில் ஒரு பங்கு, குனிந்து கேட்கும் முதுகிலும் வாளியைத் தாங்கும் மணிக்கட்டிலும் தங்கியிருந்தது.

சில மாதங்களில் என் பெயரும் அவரைவிட்டுப் போயிற்று. நான் மிகவும் அஞ்சியிருந்தது அதற்குத்தான். அப்படியொரு மதியம், பந்தி முடிந்ததும் சுவரோரம் நின்ற என்னிடம் வந்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"ஆனையூர்."

"இம்புட்டு நேரமா பசியோட நிக்கிறீகளே. வாங்க, எங்கூட உக்காருங்க."

உட்கார்ந்தேன். நோய் தொடங்கியதிலிருந்து அவர் அடுத்து எதை இழப்பார் என்று காத்திருப்பதே என் பொழுதாக இருந்தது. நின்றபடியே எதையாவது விழுங்கிப் பழகியிருந்தேன். அன்று காத்திருக்க எதுவும் இல்லை. தட்டின் சூடு விரல்களுக்குத் தெரிந்தது. எனக்குப் பசித்தது. அவர் கேட்டபோது, இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டேன்.