செம்புக் கம்பி அக்கா

கம்பி ஆறட்டும் என்று அக்கா காத்திருக்கிறார். செம்புக் கம்பியைச் சுடரில் நிறமே வராத அளவுக்கு எரித்து, ஆறவிட்டு, அப்புறம்தான் கழிவுக் கரைப்பானில் ஒரு சொட்டு தொட்டெடுப்பார். மறுபடி சுடரில் காட்டும்போது பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரினோ புரோமினோ பதுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கேன் வலப்பக்கம், மற்றதெல்லாம் இடப்பக்கம். ஆய்வுக்கூடத்தின் கழிவு அறை இருபது வருடமாக அக்காவின் ராஜ்யம்.

படிப்பு பத்தாம் வகுப்பு. வீட்டிலும் உப்பு, சர்க்கரை, சலவை சோடா என்று எல்லா டப்பாவிலும் பெயரும் வாங்கிய தேதியும் ஒட்டியிருக்கும். "அத்தை, என் மேலயும் ஒட்டிடாதீங்க" என்பார் மாப்பிள்ளை. "உங்கள வாங்கின தேதி மனசுலயே இருக்கு மாப்ள" என்பார் அக்கா.

போன மாதம் மகள் பிரசவத்துக்கு நாலு நாள் லீவு போட்டார். அதற்குள் பச்சையாக எரியும் கேன் ஒன்று, மற்றக் கழிவை எரிக்கும் சாதாரண உலைக்குப் போய்விட்டது. அமிலப் புகை கிளம்பி உலையை அரித்துவிட்டதாம். லீவில் இருந்தவர் தலையிலேயே பழி விழுந்தது. இன்னொரு கேன் மாறினால் அந்த அறைக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு அது ஆறவே இல்லை.

இன்று கழிவை ஏற்றிப்போகும் லாரி வாசலில் நிற்கிறது. கடைசிக் கேனின் படிவத்தில் 'குளோரின் இல்லை' என்று ஆய்வுக்கூடத் தலைவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அக்கா அதையும் தொட்டுப் பார்த்தார். பச்சை.

"கம்பி அழுக்கா இருக்கும்மா. என்னை நம்பலையா?" என்றார் தலைவர்.

"உங்கள நம்பறேன் சார். கேனைத்தான் நம்பல."

புதுக் கம்பி எடுத்தார். எரித்தார், ஆறவிட்டார். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அடிக்கட்டுமே, கம்பி ஆறினால்தானே! தொட்டுக் காட்டினார். மறுபடியும் பளிச்சென்று பச்சை.

தலைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "காலைல குடுவைய டைகுளோரோமீத்தேன்ல கழுவினேன். அதுல குளோரின் இருக்கே! கழுவினத இதுலயே ஊத்திட்டேன்மா."

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் அவர் மெனக்கெடவில்லை. கேனைத் தானே வலப்பக்கம் நகர்த்தி வைத்தார்.

தலைவர் படிவத்தில் தன் கையெழுத்தை அடித்துவிட்டு, 'குளோரின் உண்டு' என்று திருத்திப் பேனாவை நீட்டினார். "சோதிச்சது நீங்க. நீங்களே போடுங்க."

அக்கா கையுறையைக் கழற்றினார். விரல்களை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, இனிஷியலோடு முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார்.