கயிறு தாண்டும் மிஷின்

அன்றைக்கு அங்கே இருந்தது ஐந்து பேர். நான். என் மகள். அவளை அம்பாங்கிலிருந்து கூட்டிவந்த அண்ணி, அதாவது என்னை விட்டுப் பிரிந்த கணவரின் அக்கா. டோக்கன் விற்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் ராமநாதபுரத்துக்காரர். அப்புறம், ரேஸ் கார் விளையாட்டு சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு அங்கிள். அவர் மனைவி கீழே கடையில் புருவம் எடுத்து முடிக்கும் வரைக்கும் அவருக்கு அதுதான் கட்டில்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி அது, டோக்கன் போட்டு ஆடும் விளையாட்டு மிஷின்கள் வைத்த இடம். நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறேன். மகள் அப்பாவோடு அம்பாங்கில் இருக்கிறாள். நடுவில் எங்கே என்று பார்த்தபோது பிரிக்பீல்ட்ஸ் தோதுப்பட்டது. ஒரு சனி விட்டு ஒரு சனி என்று அவர் வீட்டார் பேசி முடித்தார்கள். பேசியது அவர்கள், தலையாட்டியது நான்.

முதல் தடவை மூவரும் மழைக்கு ஒதுங்கித்தான் அந்த மாடிக்கு ஏறினோம். மகள் மிஷின்களைப் பார்த்துவிட்டு அண்ணியின் கையை இழுத்தாள். அண்ணி என்னிடம் திரும்பி, "சரி, பத்து வெள்ளிக்கு டோக்கன் வாங்கிக் குடு. டோக்கன் முடிஞ்சதும் கிளம்பிடணும்" என்றார்.

நான் ரெண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள். யாராவது ஒன்றைச் சட்டம் மாதிரிச் சொல்லிவிட்டால் திருப்பிக் கேட்கிற பழக்கம் எனக்கு வரவே இல்லை. டோக்கன் முடிந்தால் பிள்ளை போய்விடும். அன்றையிலிருந்து என் தலைக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

அங்கே இருந்த மற்ற மிஷின் எல்லாம் டோக்கனைக் கடித்துத் துப்புகிற ஜாதி. போட்ட வேகத்தில் முடிந்துவிடும். கயிறு தாண்டும் மிஷின் மட்டும் வேறு. திரையில் ஒரு பச்சைத் தவளை. ரெண்டு குரங்குகள் கயிறு சுற்றும். கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு சிவப்பு பட்டன். அமுக்கினால் தவளை குதிக்கும். கயிறு காலில் படாத வரைக்கும் ஆட்டம் முடியாது. நன்றாக ஆடினால் ஒரு டோக்கன் எவ்வளவு நேரமும் ஓடும். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்துக்கொண்டேனே தவிர, ஆடத் தெரியவில்லை. நாலைந்து குதியிலேயே தவளை கவிழ்ந்துவிடும். அதனால் வேலை இல்லாத நாளில் கொமுட்டர் ரயில் ஏறித் தனியாக வந்து பழக ஆரம்பித்தேன். வார நாளில் மாடியில் யாரும் இருக்க மாட்டார்கள். மிஷின்கள் தங்களுக்குள்ளேயே பாடிக்கொண்டிருக்கும். ராமநாதபுரத்துக்காரர் கூண்டுக்குள் உட்கார்ந்து ஊரில் இருக்கிற பிள்ளையோடு போனில் பேசுவார். பேசி முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"என்னக்கா இது, கயிறு வர்றதுக்கு முன்னாடியே குதிக்குது. பேய் பிடிச்ச தவளையா?"

"பயமா இருக்குண்ணே."

"குரங்கைப் பார்த்தா?"

அவர் கேலிக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். நான் எதற்கும் முன்னாடியே அமுக்குகிறவள். எட்டு மணி ரயிலுக்கு ஏழு மணிக்கே நிற்பேன். போன் அடித்தால், யாருக்கு என்ன ஆச்சோ என்று எடுக்கும்போதே கண் கலங்கும். கயிறு மேலே இருக்கும்போதே எனக்கு அது காலில் பட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

ஒரு நாள் மூக்குக் கண்ணாடியை வேலை இடத்தில் மறந்துவிட்டு வந்தேன். கயிறு சரியாகத் தெரியவில்லை. அப்போதுதான் சத்தம் காதில் விழுந்தது. கயிறு தரையைத் தட்டும்போது ஒரு 'டப்' வரும். ஒரு 'டப்'புக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சை விட்டு, அடுத்தது வரப்போகிற இடத்தில் விரலை இறக்கினால் தவளை தப்பிக்கிறது. அன்றைக்கு முதல் தடவையாக அம்பது தாண்டினேன். கயிறு வேகமெடுத்தால் மூச்சும் சின்னதாக வேண்டும், அவ்வளவுதான். கிடங்கில் டேப் ஒட்டும் மிஷின் சத்தத்துக்கு மேசையைத் தட்டிப் பழகினேன். பக்கத்தில் நின்று வேலை செய்த வங்காளதேசத்துத் தம்பி நகர்ந்து நின்றுகொண்டான்.

அந்த ஆட்டம் ஓடும்போது மட்டும் என் மண்டை சும்மா இருந்தது. வாடகை, என் நெஞ்சு வலி, மகள் இந்நேரம் சாப்பிட்டாளா, ஒன்றும் வராது. அறைக்குத் திரும்பிக் கதவைப் பூட்டிய பிறகு எல்லாம் சேர்ந்து வரும்.

நான் முதலில் சொன்ன அந்தச் சனிக்கிழமையும் முன்னாடியே போய்விட்டேன். மிஷினில் 'ரோசாக்', அதாவது பழுது, என்று பேப்பர் ஒட்டியிருக்குமோ என்று பயம். ஒட்டவில்லை. கையில் இருந்த காசுக்கெல்லாம் டோக்கன் வாங்கி, ஆடி, கையைச் சூடாக்கி வைத்திருந்தேன். அவர்கள் வந்தபோது கொஞ்சம்தான் மிச்சம். மகள் தன் பங்கை வழக்கம்போல் சட்டென்று தீர்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அண்ணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் நாடகம் பார்த்தார். நான் கடைசி டோக்கனைப் போட்டேன்.

மகள் எண்ணினாள். அது அவள் வேலை. நூறுக்கு மேல் தமிழில் முழுசாகச் சொல்ல கயிறு நேரம் கொடுக்காது, அதனால் வாலை மட்டும் சொல்லுவாள். "ஒன்னு, ரெண்டு, மூணு." ராமநாதபுரத்துக்காரர் கூண்டை விட்டு வந்து பார்த்தார். "அக்கா இனிமே சம்பளம் வாங்கிட்டே ஆடலாம்" என்றார். நான் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரலிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எந்த எண்ணில் அவள் நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. அவள் குரல் இல்லை என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அப்போது ஒரு சின்னக் கை வந்து பட்டன் மேல் இருந்த என் கையைப் பிடித்துத் தூக்கியது. தவளை கவிழ்ந்தது.

"போதும்மா."

"வீட்டுக்குப் போணுமாடா?"

"இல்ல. பசிக்குது. நாம எங்கயாச்சும் உக்காந்து சாப்பிடலாம்."

நான் அண்ணியைப் பார்த்தேன். "டோக்கன் முடிஞ்சிருச்சு அண்ணி. கிளம்பணும்னு சொல்லியிருந்தீங்க."

அண்ணி காதிலிருந்து ஒயரைக் கழற்றினார். "யாரு, நானா? எப்ப?"

"மொத தடவ வந்தப்ப."

"அது அன்னிக்கு மழைக்கு ஒதுங்கினப்ப சொன்னதும்மா. நீ என்னடான்னா வந்ததும் இந்த மிஷின் முன்னாடி நிக்கிற. சரி, உனக்கு இதுதான் சந்தோஷம் போலன்னு நானும் கம்முனு உக்காந்திருக்கேன். இந்த நாற்காலியில என் இடுப்பே போச்சு லா."

"நானும் அம்மாவுக்கு இது ரொம்ப பிடிக்கும்னு நெனச்சேன்" என்றாள் மகள்.

பிடிக்காது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பொய் மாதிரி இருந்தது, மூடிக்கொண்டேன்.

கீழே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். எத்தனையோ மாதம் கழித்து அவளை நேருக்கு நேராகப் பார்த்தேன். முழங்கையில் ஒரு தழும்பு, தோல் இளம் ரோஸாக மூடிக்கொண்டிருந்தது.

"எப்படா விழுந்த?"

"அது ரொம்ப நாளாச்சு. ஸ்போர்ட்ஸ் அன்னிக்கு. போன தடவை பிளாஸ்டர் போட்டிருந்தேனே."

போன தடவை அந்த முழங்கை என் பக்கத்தில்தான் இருந்திருக்கும். அவள் தோசையைக் கிழித்துக்கொண்டே ஓட்டப் பந்தயக் கதையைச் சொன்னாள். கடைக்காரர் மேசையைத் துடைக்க வந்து நின்றும் அவள் நிறுத்தவில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். அண்ணி ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பில் வந்தபோது என் பையில் ரயில் கார்டும் கொஞ்சம் சில்லறையும்தான் இருந்தன. எல்லாம் தவளைக்குப் போயிருந்தது. அண்ணி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "அடுத்த தடவை தந்துடறேன் அண்ணி" என்றேன். "அப்ப அடுத்த தடவையும் இங்கயே சாப்பிடலாம்" என்றாள் மகள்.

அடுத்த சனிக்குப் பரீட்சை என்றார்கள். அதற்கு அடுத்ததற்குக் காய்ச்சல். இப்போது சனிக்கிழமைகளில் டியூஷன் போட்டிருக்கிறார்களாம், வேறு நாள் பார்த்துச் சொல்கிறேன் என்று அண்ணி சொன்னார். பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் நான் அதையே ராத்திரியெல்லாம் புரட்டிக்கொண்டிருக்கிறேன். மாடிக்கு நான் அப்புறம் போகவில்லை. போனில் பேசும்போது அந்தக் காசை ஞாபகப்படுத்தினேன். "நேர்ல பார்க்கும்போது குடு" என்றார் அண்ணி. இன்னும் கொடுக்கவில்லை. மூன்று தோசை, ஒரு வடை, குடிக்க ரெண்டு தே தாரிக், ஒரு மைலோ ஐஸ்: இருபத்திரண்டு வெள்ளி நாற்பது காசு.