பிளாட்பாரம் காலியான அன்று

1974-ஆம் ஆண்டு ஜூன் 12, புதன்கிழமை. கத்திரி முடிந்தும் வெயில் தணியவில்லை. காலையில் பால் டிப்போவில் அட்டையைக் காட்டி இரண்டு பாட்டில் வாங்கி வந்தேன். காபி, பேப்பர், குளியல், சாப்பாடு. நந்தனத்தில் அலுவலகம். மத்தியானம் தயிர்சாதமும் மாவடுவும். சாயங்காலம் லஸ்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்து கால் கழுவி, காபி குடித்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டேன். என் மனைவி தலையை வாரி முடிந்து, கையில் துணிப்பையோடு வாசலில் நின்றிருந்தாள். எங்கள் சாயங்கால நடைக்குப் புறப்பட்டோம்.

அந்த நடை அன்றோடு நின்றுபோனது. எப்படி நின்றது என்பதைச் சொல்ல, அது தொடங்கியதிலிருந்து சொல்ல வேண்டும்.

முந்தைய வருஷம் அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. மாத்திரை பாதி, நடை பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையை அவள் மறுக்கவில்லை. நடையைத்தான் மறுத்தாள். கோயிலுக்கு நடப்பாள், கறிகாய் வாங்க நடப்பாள், அக்கா வீட்டுக்கு நடப்பாள். ஒரு காரியமும் இல்லாமல் நடப்பது என்பது அவளுக்குப் புரியவில்லை.

"சும்மா தெருவுல போயிட்டு வந்தா பாக்கறவா என்ன நினைப்பா? ஆத்துல சண்டை போட்டுண்டு கிளம்பிட்டாள்னு நினைப்பா."

"நான்தானே கூட வரேன்?"

"அப்போ சமாதானம் பண்ண நீங்க பின்னாடியே வரேள்னு நினைப்பா."

அதற்காகத்தான் துணிப்பை. பை கையில் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. வாங்குவதற்கு ஒன்றும் இல்லாத நாளிலும் பை வரும்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் போகும் தெருக்களில் ஒன்று எங்களுடையது. ஆரம்பத்தில் அவளை நிற்காமல் நடக்க வைக்கப் பார்த்தேன். டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். பாதித் தெருவிலேயே முழங்கால் வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று திரும்பிவிடுவாள். பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கும். பக்கத்தில் ஒரு ஸ்டூல். அங்கே உட்கார்ந்து அந்த மனிதரிடம் என் சட்டைக் காலர் மடங்கியிருப்பதைப் பற்றிப் புகார் சொல்வாள். அவர் புழுதி அடங்க மரத்தடியில் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார். வெயிலில் வந்தவர்களுக்கு அந்த இடம் கோயில் பிராகாரம் மாதிரி குளிர்ந்திருக்கும். அதைத் தாண்டி, தெரு விளக்கு எரியாத வளைவில், மதிலோரம் வறுகடலைக்காரர். அவருடைய சிம்னி விளக்குதான் அந்த வளைவுக்கே வெளிச்சம். கடைசியில், குளத்து முனையில் பூக்காரி.

ஒவ்வொரு இடத்திலும் நின்று, பேசி, மறுபடி நடந்து, தான் நடக்கிறோம் என்று தெரியாமலே அவள் முழுத் தெருவையும் நடந்து முடித்துவிடுவாள். இரண்டு மாதத்தில் குளத்தையும் ஒரு சுற்று சுற்ற ஆரம்பித்தாள். சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதைவிட, சாயங்காலம் நான் வர நேரமானால் வாசலுக்கும் கூடத்துக்குமாக அலைவாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் எதற்காகவும் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

அடையாறில் என் தம்பி வீட்டுக்குப் போனபோது ஒருநாள் அங்கே நடந்து பார்த்தோம். அகலமான தெரு, தூங்குமூஞ்சி மரங்களின் நிழல், ஆள் நடமாட்டமே இல்லாத பிளாட்பாரம். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. இரண்டு வீடு தாண்டியதுமே அவள், "போதும், திரும்பலாம். யாருமே இல்லையே, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் தி. நகரில், தீபாவளிக்கு முன்பு, தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தில் ஜவுளிக் கடைகளின் சாக்குப் பந்தல் நிழலிலேயே ஒரு சாயங்காலம் முழுக்க நடந்துவிட்டு, கால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த இரண்டையும் அப்போது நான் சேர்த்து யோசிக்கவில்லை.

புகார் என்றேன். எங்கள் தெருவில் அது ஒரு பேச்சு முறை. ரசம் நன்றாக இருந்தால், உப்பு ஒரு கல் கூட என்பார்கள். பிடித்த மனிதரைப் பார்த்தால், ஏன் இப்படி இளைத்துப் போனாய் என்பார்கள். என் மனைவி அதில் தேர்ந்தவள். பூக்காரியிடம் தினமும் ஒரு சண்டை உண்டு.

"என்னடி, பூவே இல்ல, வெறும் நாரைக் கட்டி வெச்சிருக்கே? உன் கூடையைத் தாண்டிப் போறதுக்குள்ள எனக்கு இருக்கிற காலும் போயிடும்."

"தாண்டாத மாமி, குந்து. உன்ன யாரு தாண்ட சொன்னா?"

அவள் குந்துவாள். பூக்காரியின் மருமகள், மழையில் ஒழுகும் குடிசை, ரேஷன் அரிசி எல்லாவற்றையும் பேசிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

எதிர்வீட்டுக்கு அந்த வருஷப் பொங்கல் சமயத்தில் ஒருவர் குடிவந்தார். வடக்கே ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் வேறு பாஷைக்காரர்கள் நடுவே இருந்தவர். நல்ல மனிதர், கேட்ட உதவியை உடனே செய்பவர். ஒருநாள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது, "மாமி, டெய்லி வாக்கிங் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

இவள் தொடங்கினாள். "அதை ஏன் கேக்கறேள் மாமா? பிளாட்பாரத்துல காலை வெக்க இடம் இல்ல. இஸ்திரி வண்டியைச் சுத்திண்டு ரோட்டுல இறங்கணும். கடலைக்காரன் அடுப்புல என்னிக்கோ ஒருநாள் என் புடவை பத்திக்கப் போறது. பூக்காரியோ நடுவுல கூடையைப் பரப்பிண்டு மகாராணி மாதிரி உக்காந்திருக்கா."

எங்கள் தெருக்காரர் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அப்புறம் எங்கெங்கோ போய், யார் யாரையோ பார்த்துச் சொல்லியிருக்கிறார். எங்களிடம் மூச்சு விடவில்லை. மாமிக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தாராம்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் கார்ப்பரேஷன் லாரி வந்த சத்தத்தை அவள் உள்ளே படுத்தபடி கேட்டிருக்கிறாள். யாரோ வீடு கட்ட மணல் இறக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாளாம். நாங்கள் வாசலை விட்டு இறங்கியபோது எதிர்வீட்டுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"பாருங்கோ மாமி! எல்லாம் உங்களுக்காகத்தான். இனிமே கண்ணை மூடிண்டு நடக்கலாம்."

பிளாட்பாரம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை காலியாகக் கிடந்தது. பெருக்கியும் விட்டிருந்தார்கள். அவ்வளவு அகலம் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஒரு கணம் எனக்கு அது பிடித்தும் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப நன்னா இருக்கு மாமா," என்றாள்.

எங்கள் வழக்கம் தெரிந்தவராக இருந்தால், புகாரே இல்லாத அந்தப் பேச்சில் என்ன இருந்தது என்று கண்டுபிடித்திருப்பார். அவருக்கு அது பாராட்டாகவே பட்டது.

நடந்தோம். புங்க மரத்தடியில் ஈரம் இல்லை, ஸ்டூலும் இல்லை. அவள் அங்கே வேகத்தைக் குறைத்தாள், நிற்பதற்கு முகாந்திரம் இல்லாமல் மேலே நடந்தாள். வளைவில் மதில்மேல் அடுப்புக் கரி படிந்த இடம் மட்டும் இருந்தது. இருட்டத் தொடங்கியிருந்ததால் அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. ஒரு வீட்டுக் கதவைப் பற்றிக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து நாய் குரைத்தது. "யாரு?" என்று ஒரு குரல் கேட்டது. "ஒண்ணும் இல்ல, சும்மா" என்று சொல்லிவிட்டு அவசரமாக நகர்ந்தாள்.

குளத்து முனையில் பூக்காரி இடுப்பில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் விரட்டுகிறார்களாம்.

"இன்னா மாமி, ரோடு இப்ப சவுகரியமா கீதா?"

அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நான் அப்படிச் சொல்லலடி. சொன்னேன்தான். ஆனா... எப்பவும் சொல்றதுதானே?"

"எங்கிட்ட சொல்லிக்கினே இருந்தியே மாமி, அது எனக்குத் தெரியும். பேண்ட்டு போட்டவரு காதாண்ட போயா சொல்லுவாங்க?" என்று அவள் சிரித்தாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. "கடலைக்காரு நொச்சிக்குப்பம் பக்கம் பூட்டாரு. இஸ்திரிக்காரு எந்தத் தெருவுல வண்டிய வுடறதுன்னு சுத்திக்கினு கீறாரு. நம்ம பொழப்ப விடு. நீ ஏன் கால் நோக நடக்கிற? நாளைலருந்து நானே வூட்டாண்ட வந்து பூ குட்த்துட்டுப் போறேன்."

சொல்லிக்கொண்டே வழக்கத்தைவிட ஒரு முழம் கூடுதலாக அளந்து கிள்ளினாள். என் மனைவி அதைக் குறைவு என்று சொல்லவில்லை. காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

வீட்டு வாசலுக்கு வந்தோம். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. நான் போய் அவரிடம் விஷயத்தைச் சொல்கிறேன், மறுபடி எல்லோரையும் வரச் சொல்லலாம் என்றேன்.

"வேண்டாம். எனக்காகன்னு ஆசையா பண்ணியிருக்கார். அவர் மனசு கஷ்டப்படும்."

"அப்போ பூங்காவுக்குப் போகலாம். பீச்சுக்குப் போகலாம்."

"அங்க யாரு இருக்கா, போய் என்ன சொல்றது? நாளைலேந்து நான் வரல. நீங்க போயிட்டு வாங்கோ. நான் ரேழிலேந்து கொல்லை வரைக்கும் நடந்துக்கறேன்."

சில நாள் அப்படி நடந்தாள். அடுக்களையில் கொதிப்பது பொங்கி வழியும், யாராவது கூப்பிடுவார்கள், பாதியில் நின்றுவிடும். பிறகு அதுவும் இல்லை. அந்த வருஷம் முடிவதற்குள் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நடக்கிறாளா என்று என்னிடம் கேட்டார். தெரு காலியாகிவிட்டதால் நடக்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நான் தனியாகப் போய்வந்தேன். அந்த அகலமான பிளாட்பாரத்தில் கொஞ்ச நாளில் கார்களை ஏற்றி நிறுத்த ஆரம்பித்தார்கள். எல்லோரும் நடுரோட்டில் நடந்தோம்.

பிளாட்பாரம் காலியான அன்று இரவு என் மனைவி படுக்கப் போகும்போது, பூக்காரி வரும் நேரத்தில் தான் அடுக்களையில் இருக்கப்போவதாகவும், அவள் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நிற்கக் கூடாது என்றும் மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை எழுந்ததும், பால் வாங்கப் போவதற்கு முன்பு, வாசல் கதவின் வெளிப்பக்கம் பூக்காரியின் கைக்கு எட்டும் உயரத்தில், பூப்பொட்டலத்தை மாட்டிவிட்டுப் போக ஓர் ஆணி அடித்தேன்.