பூவாயி அண்ணி மாற்றிய குழாய்

குழாயை மூடிய பிறகும் பூவாயி அண்ணி உடனே நகரமாட்டாள். அதன் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். சொட்டு விழுந்தால் இன்னும் ஒரு முறுக்கு. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். கடப்பாக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் குழாயே கிடையாது.

செங்கல்பட்டில் நாங்கள் குடியிருப்பது பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு. பாத்ரூம் குழாய்க்கும் அதே வயதிருக்கும். அண்ணன் இருசப்பன் இருந்தவரை அடிக்கடி வாஷர் மாற்றி ஓட்டினார். எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடியில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். அண்ணி அழவில்லை. காரியம் முடிந்த மறுநாள் வழக்கம்போல ஆஸ்பத்திரிக்கு ஆயா வேலைக்குப் போனாள்.

ஐப்பசியில் அவளுடைய அப்பா தாண்டவராயன் வந்தார். படகு வைத்து மீன் பிடிக்கிறவர். உள்ளே வந்ததும் அவர் காதில் விழுந்தது சொட்டுச் சத்தம்தான்.

"இன்னா பூவாயி, கொயா இப்டி ஊத்திகினு கீது?"

"ஆளாண்ட சொல்லிக்கீறேன் நைனா. நாளைக்கு வரேன்றான்."

"எத்தினி நாளா நாளைக்கு? ஒரு கொயா மாத்த ஆம்பள இல்லாத வூட்ல ஒனக்கு இன்னா வேல? ஞாயித்துக்கெயம வரேன். பொட்டிய கட்டி வெய்யி."

என்னைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. புருஷன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு அண்ணனிடம் வந்தவள் நான். அண்ணி போய்விட்டால் எனக்குப் போக வேறு வீடு இல்லை. அதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவள் ஒரு பித்தளைக் குழாய் வாங்கி வந்தாள். பம்ப்செட் ரிப்பேர்க் கடையில், பைப் திருகும் ரிஞ்சு ஒன்றும் இரவல் வாங்கியிருந்தாள்.

முனிசிபாலிட்டித் தண்ணீர் காலையில் நின்றால் மாலை நாலு மணிக்குத்தான் வரும். நடுவில் பைப் காலி. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் ஆரம்பித்தோம். பழைய குழாய் துருவேறிப் பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தோம். சுவரிலிருந்து வரும் பைப் திரும்பாதபடி நான் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அண்ணி ரிஞ்சின் மேல் முழு உடம்பையும் போட்டாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. குழாய் கழன்றது.

கோணியிலிருந்து உருவிய சணலைப் புதுக் குழாயின் மரையில் சுற்றி, ஜன்னலுக்கு அடித்து மீந்த பச்சைப் பெயின்டைத் தடவினாள். திருக ஆரம்பித்ததுமே சணல் சுருண்டு வெளியே வந்துவிட்டது.

"வல ஊசில நூல் சுத்தறன்னு நெனச்சிக்கினியா?"

தாண்டவராயன் கையில் மீன் பையோடு பின்னால் நின்றிருந்தார்.

அண்ணி திரும்பவில்லை. சணலைப் பிய்த்துப் போட்டு, வேறு எடுத்து எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். இந்த முறை குழாய் இறுகிக்கொண்டே உள்ளே போனது.

"பொட்டி கட்டிட்டியா?"

"இல்ல நைனா."

"செரி, தண்ணி வரட்டும். பாக்கலாம்," என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நாலே காலுக்குப் பைப்பில் காற்று இரைந்தது. பிறகு தண்ணீர். அண்ணி குழாயை மூடினாள். வாயில் சொட்டு இல்லை. ஆனால் பச்சைப் பெயின்டின் ஓரத்தில் ஒரு சொட்டு கட்டி விழுந்தது. பிறகு இன்னொன்று. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ரிஞ்சை எடுத்தாள்.

"ஏய், உடு. முறுக்காத." அவர் எழுந்து வந்து குனிந்தார். "படகுப் பலக சந்துல நார் அடச்சி எறக்கறோம், மொதல்ல கசியாது? ஊறினா உப்பிக்கும். தன்னால நின்னுடும்."

நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி கூடியது. ஐந்து மணி தாண்டியதும் அண்ணி உள்ளங்கையை அடியில் நீட்டினாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு கையைத் திருப்பி அவரிடம் காட்டினாள். காய்ந்திருந்தது.

"அயுத்தக்காரி," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மதுராந்தகம் பஸ் எத்தினி மணிக்கு?" அங்கே இறங்கி மாறித்தான் கடப்பாக்கம் போக வேண்டும்.

"ஆறரைக்கு கீது நைனா."

"மீனு கெட்டுடப் போவுது. கொயம்பு வெச்சி ரெண்டு பேரும் துன்னுங்க."

இப்போது எழுபத்தொன்பதாம் வருஷம். அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், நான் சமைக்கிறேன். அந்தக் குழாய்க்கு இரண்டு முறை வாஷர் மாற்றியாயிற்று. அதே வீட்டில்தான் இருக்கிறோம், நானும் அவளும்.