தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

நர்ஸ் பயிற்சி முடித்துச் செஞ்சிப் பக்கம் வேலைக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. சிங்கவரம் சாலையில் இருந்த ஒரு சிறிய தாய்சேய் நல நிலையத்தில் பிரசவம் பார்ப்பதும், பிறந்த குழந்தைகளைப் புதன்கிழமைதோறும் எடை போட்டு அட்டையில் எழுதுவதும் என் வேலை. எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு மனதில் நிற்கும். அதனால் பிரசவப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, குழந்தைகளின் பெயர்களை வகை பிரித்து எழுதி வந்தேன்.

முதல் பக்கம் சாமி பெயர்கள். மேலச்சேரி துரோபதை அம்மனால் தெருவுக்கு ஒரு துரோபதை இருந்தாள். சிங்கவரத்துப் பெருமாளால் ரங்கன்களும் ரங்கம்மாள்களும். இரண்டாவது பக்கம், ஞானஸ்நானத்தில் ஒன்றும் வீட்டில் கூப்பிட ஒன்றுமாக இரண்டு பெயர் உள்ள கிறிஸ்தவக் குழந்தைகள். மூன்றாவது, பெண்ணுக்குமேல் பெண்ணாகப் பிறந்து அலுத்துப்போன வீடுகள் வைத்த வேண்டாமும் போதும்பொண்ணும். நான்காவது பக்கத்துக்கு மட்டும் என்ன தலைப்பு எழுதுவது என்று தெரியவில்லை. குப்பம்மாள், பிச்சை, மூக்கன், மண்ணாங்கட்டி. பெற்ற பிள்ளைக்கு யாராவது மண்ணாங்கட்டி என்று பெயர் வைப்பார்களா? ஓரத்தில் கேள்விக்குறி போட்டு விட்டுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் எனக்குப் பிடித்த பெயர்கள் இருந்தன, அர்த்தத்தோடு.

ஒருநாள் எங்கள் மேற்பார்வையாளர் வந்து அட்டைகளைப் புரட்டினார். மூன்று மாதப் பெண் குழந்தை ஒன்றின் அட்டையில் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“பேர் இல்லாத அட்டைக்குப் பால் பவுடர் கிடையாது” என்றார்.

அந்தக் குழந்தை மற்றவற்றைவிட மெலிந்திருந்தது. அதன் அம்மா, அங்கே மணிலா என்று சொல்லும் வேர்க்கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்பவள். பெயர் கேட்கும்போதெல்லாம் “அப்பறம் சொல்றேன்” என்பாள். பால் பவுடர் நின்றுபோகக் கூடாதே என்று, என் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து மிக நல்லதாக ஒரு பெயரை எடுத்து நானே எழுதினேன். அடுத்த புதன்கிழமை, தராசுத் தொட்டிலில் குழந்தையைப் போட்டுக்கொண்டிருந்தவளின் முன்னால் அந்தப் பெயரை உரக்க வாசித்தேன்.

“யாரு புள்ள அது?” என்று கேட்டாள்.

“உங்க குழந்தைதான்க்கா. நானே பேர் வெச்சிருக்கேன்.”

அவள் முகம் செத்துப்போயிற்று. குழந்தையை வாரியெடுத்து முந்தானையால் மூடிக்கொண்டு போனவள்தான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம், அந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று எடை போட வந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

மத்தியானமே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் மணிலா உடைத்துக்கொண்டிருந்த அவளுடைய நாத்தனார் தலை நிமிரவில்லை.

“இன்னா நர்ஸம்மா, பேரு வெச்சாச்சு. காது குத்த வந்தீங்களா?”

“குழந்தையப் பாக்கணும்.”

“மொத ரெண்டையும் எல்லாரும்தான் பாத்தாங்க. ஊரே மெச்சுற மாதிரி பேரு வெச்சோம். பேரச் சொல்லிக் கூப்டக் கூப்ட ஆசையா இருந்துச்சு. எமனுக்கு மட்டும் ஆசை இருக்காதா? ரெண்டும் போய்டுச்சு. அதான் இதுக்குப் பேரு வேணாம்னு மூடி மூடி வெச்சிருந்தா. நீங்க போயி கூட்டத்துல கூவுறீங்க.”

நான்காவது பக்கத்துக்குத் தலைப்பு அங்கேதான் கிடைத்தது. அவை சாவின் கண்ணில் படாமல் பிள்ளையை ஒளித்துவைக்கும் பெயர்கள். அழுக்குத் துணியில் நகையைச் சுற்றி வைப்பதுபோல.

உள்ளேயிருந்து தாய் குழந்தையோடு வந்தாள். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. அவள் சொல்லித்தான் தெரிந்தது: பிள்ளை தங்காத வீட்டில் குழந்தையைக் குப்பைமேட்டில் போட்டு இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்களாம். அதன்பிறகு அது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. எமன் தேடி வந்தாலும் ஆள் கிடைக்காது. ஆனால் இதை வாங்க யாரும் முன்வரவில்லை. தன் கணக்கில் வந்து செத்துப்போனால் என்ன செய்வது என்று பயம்.

“நீங்க வாங்கிக்குங்க நர்ஸம்மா” என்றாள் அவள்.

நாத்தனார் சிரித்தே விட்டாள். “கண்ணாலம் ஆவாத பொண்ணுக்குப் புள்ளையா? நல்லாக்கீதே கதை!”

“இவங்க கையில எத்தினி புள்ள பொறந்து உசுரோட இருக்குது. அந்தக் கை போதும்.”

பயிற்சியில் எனக்கு இதற்குப் பாடம் இல்லை. உப்பும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சங்கில் ஊட்டச் சொல்லிவிட்டு, செஞ்சிக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் அரிசி மில்லில் ஒரு முறம் தவிடு கேட்டேன்.

“மாடு வாங்கிட்டீங்களா நர்ஸம்மா?” என்றார் மில்காரர்.

“இல்லைங்க. குழந்தை.”

 அவர் முறம் நிறைய அள்ளிக்கொடுத்து, காசு வேண்டாம் என்றார்.

குப்பைமேட்டில் கந்தல் விரித்துக் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். தவிட்டைக் கொடுத்துவிட்டுக் குழந்தையை எடுத்தேன்.

“இனிமே இது உங்க புள்ள. நான் பால் குடுக்குற ஆளு, அவ்ளோதான்” என்றாள் தாய்.

“அப்படின்னா என் புள்ளைய நான் சொல்றபடி வளக்கணும்” என்றேன். “பேதி ஆகுதுன்னு பாலை நிறுத்தக் கூடாது. தண்ணி காய்ச்சித்தான் குடுக்கணும். புதன்கிழமை தவறாம எடை.”

“உங்க புள்ள. உங்க இஷ்டம்.”

அட்டையில் பழைய பெயரை அடித்துவிட்டுத் தவிட்டம்மாள் என்று எழுதினேன். முதல் புதன்கிழமை எடை ஏறவில்லை. இரண்டாவது வாரம் முள் ஒரு கோடு நகர்ந்தது. “ஏறிச்சாடி?” என்று வரிசையின் கடைசியிலிருந்து கத்தியது நாத்தனார்தான். அதற்குப் பிறகு அட்டையில் ஒரு வாரம்கூடக் காலி இல்லை.

போன ஜூன் மாதம், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்ததும், தாய் அவளைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். இடுப்பில் ஒரு முறம். அது நிறையத் தவிடு.

“புள்ளைய திருப்பிக் குடுங்க” என்றாள்.

தவிட்டை வாங்கிக்கொண்டேன். இனி பள்ளிக்கூடத்தில் சொல்ல ஒரு பெயர் வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாக அர்த்தத்தோடு வாசித்தேன். தாய் பொறுமையாகக் கேட்டாள்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குது. அன்னிக்கு அட்டையில ஒண்ணு எழுதினீங்களே... அது இருக்குதா, வேற புள்ளைக்குக் குடுத்துட்டீங்களா?”

“குடுக்கல. ஆனா அதைக் கேட்டுத்தானேக்கா ஓடினீங்க?”

“அவ்ளோ அழகா இருந்துச்சி. அதான் ஓடினேன்.”

சிறுமி தராசுத் தொட்டிலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். தாய் அந்தப் பெயரை முதலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். பிறகு, சாலையில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி.

சிறுமி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“யாரும்மா அது?”

“நீதான்டி.”